அது உன் பூட்ஸில் வந்ததல்ல

பிள்ளை,

நீ திங்கட்கிழமை குப்பை அறையில் கொண்டுபோய் வைத்த, ஓடைக்குள் இறங்கப் போடும் நீளப் பூட்ஸ் இப்போது எங்கள் பல்கனியில் தலைகீழாகத் தொங்குகிறது. நான்தான் எடுத்து வந்தேன். லிஃப்டில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது ஏழாம் மாடி அன்ரி, "என்ன தம்பி, மீன்பிடிக்கவோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, மகள் தன்ரை காலைக் கழட்டி வச்சிட்டா, திருப்பிப் பூட்டப் போறன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாகப் பகிடி விட்டுக் களைத்துப் போயிருக்கிறேன்.

நாளைக் காலை நீ கல்கரிக்குப் பறக்கிறாய். இன்சூரன்ஸ் கம்பனியில் கதிரையில் இருந்து செய்யும் வேலை. ஏன் போகிறாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் "ஒரு சேஞ்சுக்கு" என்கிறாய். காரணம் என்னவென்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஆற்றுச் சிங்கிகள், அந்தச் சிங்கி இறாலின் சின்னச் சாதி, கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன. அவற்றைக் கொல்லும் நோயை, அந்த வருத்தத்தை, உன் பூட்ஸில் நீயே காவி வந்துவிட்டாய் என்று நம்புகிறாய். அது பிழை. கொண்டு வந்தவன் நான். இதை வாயால் சொல்ல ஆனியிலிருந்து முயன்றுவிட்டேன், ஒவ்வொரு முறையும் வாயில் பகிடிதான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடையில் இனாமாக வைக்கிற தமிழ்ப் பத்திரிகையைச் சாப்பாட்டு இடைவேளைகளில் வாசித்து வாசித்துத்தான் இவ்வளவாவது எழுத வருகிறது. நீயும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுது அழுது போனவள். மெதுவாக வாசி. ஆனால் முழுவதும் வாசி.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் குணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா உன்னை நான் மீன் வெட்டுகிற கடையில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவாள். கடையில் உயிர்ச் சிங்கி இறால் போடும் கண்ணாடித் தொட்டி இருந்தது. "அப்பா, ஏன் அவரின்ரை கையை றப்பராலை கட்டியிருக்கு?" என்று கேட்டாய். "அவர் பெரிய சண்டைக்காரன், பிள்ளை" என்றேன். நீ அவருக்கு மிஸ்டர் றப்பர் என்று பெயர் வைத்தாய். ஒரு கிழமை கழித்து வந்து தொட்டியைப் பார்த்தால் அவர் இல்லை. "எங்கை அப்பா?" "மொன்றியலுக்கு லீவிலை போயிட்டார்." நீ நம்பினாய். 'ஹேவ் ஃபன்' என்று எழுதி ஒரு கார்ட் வரைந்து தந்தாய். நான் அதைத் தொட்டியில் ஒட்டி வைத்தேன், வருகிற வாடிக்கையாளர் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். உண்மை தெரிந்தபோது உனக்கு ஒன்பது வயது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவர் செத்ததற்காகக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். நீ சொன்னது வேறு: "நீங்க பொய் சொன்னதுதான், அப்பா." அதையும் பிறந்தநாள் வீடுகளில் பகிடியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான்.

பிறகு நீ யூனிவர்சிட்டியில் ஆறு, குளம் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாய். "ஓடைக்குள்ளை இறங்கிச் சிங்கி பிடிக்கிறதுக்கு ஒரு டிகிரியோ? நான் படிக்காமலே பிடிக்கிறன்" என்றேன். கலியாண வீடுகளில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால் "சிங்கியளுக்கு டொக்டர்" என்பேன். நீ பக்கத்தில் நின்று கண்ணை உருட்டுவாய். எனக்கு அது பெருமை என்று உனக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டேன். தெரியாமல் இருந்திருந்தால், இப்போது எழுதி வைக்கிறேன்: பெருமைதான்.

இனி அந்த வாளி. இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடி மாதம். நீ படிப்பை முடித்து, இந்த ஓடைகளைப் பார்க்கிற வேலைக்கு நேர்முகம் கொடுத்துவிட்டு, சிநேகிதிகளோடு கிழக்குக் கரைப் பக்கம் போயிருந்தாய். நானும் என்னோடு மீன் வெட்டுகிற தவம் அண்ணையும் வடக்கே இரண்டரை மணித்தியாலம் காரில் ஓடி ஒரு ஏரிக்குப் போனோம். எந்த ஏரி என்று உனக்குத் தெரியும். மீன் ஒன்றும் அகப்படவில்லை. தவம் அண்ணை கரையில் கல்லைப் புரட்டிவிட்டு, "டேய், இஞ்சை ஓடி வா, சிங்கி இறாலின்ரை பேரப்பிள்ளையள்!" என்று கத்தினார். நீல வாளி நிறையப் பிடித்தோம். கரையில் ஒரு பலகை நின்றது. வாளியின் படம், குறுக்கே சிவப்புக் கோடு, கீழே நிறைய இங்கிலிஷ். "என்ன அண்ணை சொல்லுது?" என்றேன். "வாளியை விட்டிட்டுப் போகாதேங்கோ எண்டு சொல்லுது. எங்கடை ஆக்கள் குப்பை போடுற வடிவுக்கு வச்சிருக்கிறாங்கள்." நாங்கள் சட்டத்துக்குப் பணிந்த ஆட்கள் இல்லையா? வாளியை மறக்காமல் கொண்டு வந்தோம். ஒரு தண்ணீரில் பிடித்த சிங்கியை அந்த இடத்தைவிட்டு வேறெங்கும் கொண்டுபோகவே கூடாது என்பதுதான் அந்தப் பலகை என்று பிறகு உன் வாயால் அறிந்தேன்.

இதற்கு மேல் எழுதக் கை பின்னுக்கு நிற்கிறது. வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தபோது நாலைந்தின் வால் அடிப்பக்கம் வெள்ளையாக, அவித்தது போல இருந்தது. உயிரோடு இருக்கிற இறாலின் தசை கண்ணாடி போல இருக்கும், சூடு பட்டால்தான் வெளுக்கும். இருபத்தொரு வருடம் மீன் மேசையில் நிற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? "அண்ணை, உதுகளுக்கு ஏதோ வருத்தம் போலை கிடக்கு" என்றேன். "விசரா, பாதி அவிஞ்சு வந்திருக்கு. அடுப்புக்கு வேலை குறைவு" என்றார் அவர். நானும் சிரித்தேன். அறிந்தும் சிரித்தேன், பிள்ளை.

பின்னேரம் வீட்டுக் கதவைத் திறக்கிறேன், அம்மா தலை முழுகிய ஈரத்தோடு வாசலில். "நில்லுங்கோ அங்கை! உள்ளுக்கை வராதேங்கோ!" "என்னப்பா?" "கோயில்லை இண்டைக்குக் கொடி ஏறியிட்டுது. நீங்கள் வாளியோடை வாறியள்!" எனக்கு அது சுத்தமாக மறந்துபோனது. கொடி ஏறினால் தேர் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மீன் என்ன, முட்டைகூடக் குசினிக்குள் வராது என்பது உனக்குத் தெரியும். "அப்ப பிறீசருக்குள்ளை வைப்பம், தேர் முடிய எடுக்கலாம்" என்றேன். "உயிரோடை கிடக்கிறதைப் பிறீசருக்குள்ளையோ? பிள்ளை வேலைக்குப் பதில் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்திலையோ? கொண்டுபோய் ஓடையிலை விட்டிட்டு வாங்கோ. பிள்ளையை நினைச்சு விடுங்கோ."

நான் நடைபாலத்துக்குக் கீழே இறங்கிப் போனேன். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது போல உன் பெயரையும் பூச நட்சத்திரத்தையும் சொல்லி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டேன். வெள்ளை வால்களை நான் ஒதுக்கவில்லை. உன் பெயரில் விடும்போது எதைக் குறைப்பது? பதினொரு நாளில் உனக்கு வேலை வந்தது. அம்மா கோயிலில் பொங்கல் பொங்கினாள். "சிங்கியள் தந்த வேலை" என்று நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் இரகசியமாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டோம். உனக்குச் சொல்லவில்லை, நீ எங்களைப் பார்த்துச் சிரிப்பாய் என்று.

போன வருடம் வைகாசியில் நீ என்னை அந்த ஓடைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனாய். அப்போது உன்னை வேறு பக்கத்து ஆறுகளுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், இந்த ஓடை உன் கைக்கு வரவில்லை. இருந்தும் உனக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. கல்லைப் புரட்டி இரண்டைப் பிடித்துக் காட்டினாய். "இது இந்த ஓடைக்கே சொந்தம், அப்பா. மற்றது, பக்கத்திலை துருப் பிடிச்ச மாதிரிப் புள்ளி இருக்கே, அது வெளியிலையிருந்து வந்தது. வந்து எல்லாத்தையும் தின்னுது, இதுகளை வீட்டை விட்டுத் துரத்துது." "அப்ப எங்கடை ஆக்கள் எண்டு சொல்லு. முதலிலை பார்க்டேலிலை ஒரு அறை, பிறகு றிச்மண்ட் ஹில்லிலை வீடு." "சீரியஸ்லி, அப்பா! அதுகள் தானா வரேல்லை. ஆரோ வாளியிலை கொண்டந்து ஊத்தினது. பெரிய நல்லது செய்யிறம் எண்டு நினைச்சுத்தான் ஊத்துறது." நான் அந்த நீல வாளியை நினைத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "வாளி என்ன நிறமாம்?" என்று. நீ என்னைத் தள்ளிவிட்டுச் சிரித்தாய்.

இனி எழுதுவதைத்தான் நீ இரண்டு தரம் வாசிக்க வேண்டும். போன வருடம் ஆவணியில், வேலை முடிந்து வந்து தனியாக அதே நடைபாலத்தடியில் நடந்துகொண்டிருந்தேன். கரையோரம் மூன்று சிங்கி செத்துக் கிடந்தன. இரண்டு புள்ளி போட்டவை, ஒன்று ஓடைக்குச் சொந்தமானது. குனிந்து திருப்பிப் பார்த்தேன். மூன்றுக்கும் வால் அடிப்பக்கம் வெள்ளை. யார் முந்தி வந்தவர், யார் பிந்தி வந்தவர் என்று அந்த வருத்தம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அது தொடங்கிய நேரத்திலேயே நீ பிடித்திருப்பாய். நான் என்ன செய்தேன்? சப்பாத்து நுனியால் மூன்றையும் ஓட்டத்துக்குள் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டு, பேக்கரியில் உனக்குப் பிடித்த மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

இந்த வருடம் ஆனியில் ஒரு பின்னேரம் நீ வந்து பல்கனியில் இருந்தாய். சேற்று உடுப்பைக்கூட மாற்றவில்லை. "கல்லுக்குக் கல் செத்துக் கிடக்குதுகள், அப்பா. எங்கடையும், வந்ததும். எல்லாம் வால் வெள்ளை." முழங்காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாய். பிறகு, "நான்தான் கொண்டந்தது" என்றாய். வைகாசியில் உன் வேலையாட்களோடு வடக்கே, நான் வாளி நிரப்பிய அதே ஏரிக்குப் போனீர்களாம், அங்கே வருத்தம் இருக்கிறது என்று தெரிந்துதான் பார்க்கப் போனீர்களாம். "பூட்ஸைக் கழுவி ஐஞ்சு நாள் காயப் போட வேணும். அடுத்த நாள் காலமை இந்த ஓடை. லேட் ஆயிட்டுது. ஈரப் பூட்ஸோடை இறங்கிட்டன். ஐ நியூ, அப்பா. தெரிஞ்சும் இறங்கினன்." நீ அழவில்லை. அழுதிருந்தாலாவது நான் வாயைத் திறந்திருப்பேனோ தெரியாது. நான் சொன்னது: "பூட்ஸுக்குத் தடிமன் பிடிச்சுத் தும்மினதோ?" நீ என்னை ஒரு முறை பார்த்தாய். எழுந்து போனாய். உன் அறைக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தியிருக்கலாம்.

அதன் பிறகு நீ மேலதிகாரியிடம் போய் உன் பூட்ஸைப் பற்றி நீயாகவே சொன்னாய், வேலையை விட்டாய், கல்கரிக்கு எழுதிப் போட்டாய். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். திங்கட்கிழமை பூட்ஸைக் குப்பை அறையிலிருந்து தூக்கி வந்த பிறகுதான், குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன், "அது நாங்கள் விட்ட சிங்கி" என்று. அவளுக்கு முதலில் கோபம். "இரக்கப்பட்டுத்தானே விட்டனாங்கள்?" "ஓம். அதுகள் அதாலைதான் செத்ததுகள்." கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். தண்டு எது இலை எது என்று பார்க்கவில்லை. பிறகு எழும்பிச் சாமியறைக்குப் போனாள். சாமிப் படம் போட்ட கலண்டரைக் குப்பையில் போடக் கூடாது என்று அவள் வருடா வருடம் அடுக்கி வைத்திருக்கிறாளே, அந்தக் கட்டை இறக்கினாள். அதற்கு நான் விடாத பகிடியா? இரண்டு வருடத்துக்கு முந்தினதை உருவி எடுத்து, ஆடி மாதத்தைத் திருப்பினாள். கொடியேற்ற நாளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள். "போய்ச் சொல்லுங்கோ. எண்டைக்கு எண்டு கேட்பாங்கள். இதைக் கொண்டுபோங்கோ. நான் சொல்லித்தான் விட்டது எண்டும் சொல்லுங்கோ."

வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு உன் வேலையிடத்துக்குப் போனேன். உன்னிடம் கேட்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன் மேலதிகாரி, நரைத்த தலைமயிர், உன்னைப் போலவே சேற்றுப் பூட்ஸ். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன இங்கிலிஷ் எல்லாம் வாசலில் கொட்டுப்பட்டுப் போனது. மகள் இல்லை, நான், வாளி என்று நாலு சொல்தான் வந்தது. அவர் கதிரையைக் காட்டி, தண்ணீர் தந்து, ஓடையின் வரைபடத்தை மேசையில் விரித்தார். எந்த இடத்தில் விட்டேன் என்று பேனையால் குற்றிட்டேன். எப்போது என்றார். கலண்டரைக் கொடுத்தேன். மயில் மீது இருந்த முருகனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிவப்பு வட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டார். முதலில் செத்ததைக் கண்டது எப்போது என்றார். போன வருடம் ஆவணி என்றேன், ஒகஸ்ட், ஒகஸ்ட் என்று இரண்டு முறை. அவர் எழுதினார், எழுதியதன் கீழே கோடு போட்டார், பேனையை வைத்துவிட்டார். நீ ஈரப் பூட்ஸோடு இறங்குவதற்கு ஒன்பது மாதத்துக்கு முன்பே அங்கே வருத்தம் இருந்திருக்கிறது. அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு: இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் எப்போதோ ஒரு நாள் ஈரப் பூட்ஸோடு இறங்கியிருக்கிறார்களாம், வந்து சொன்னது நீ ஒருத்திதானாம். இந்தக் குணம் உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். என் பக்கத்திலிருந்து இல்லை.

உன் பூட்ஸும் கொஞ்சம் கொண்டு வந்திருக்கலாம் என்று நீ வாதாடுவாய். இருக்கலாம். ஈரப் பூட்ஸோடு இறங்கியது பிழைதான், அதைப் பகிடியாக்க மாட்டேன். ஆனால் அந்தச் சாவுக்கு நீ காரணம் என்று நினைத்து ஊரை விட்டுப் போகாதே. போவதென்றால் கல்கரி பிடித்திருக்கிறது என்று போ. ஓடை திரும்ப வருமா என்று அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். என்னை விசாரிக்க வேறொரு இடத்திலிருந்து ஆள் கூப்பிடுவார்களாம். கூப்பிடட்டும். தவம் அண்ணையிடம் சொன்னேன், முதலில் என்னோடு சண்டை பிடித்தார், நேற்றுத் தன் வாளியைக் கடைக்குக் கொண்டுவந்து ஐஸ் அள்ளுவதற்கு வைத்துவிட்டார். இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை அந்த இனாம் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன், உன் பெயரும் என் பெயரும் இல்லாமல். கோடையில் வாளியோடு வடக்கே ஓடுகிற ஆள் நான் மட்டும் இல்லை. விரத நாளில் உயிரோடு தண்ணீரில் விடுகிற வீடும் எங்களுடையது மட்டும் இல்லை.

அப்பாவிடம் இருந்து ஒரு புத்தி வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள். நீ கலியாணம் கட்டப்போகிறவன் பகிடிக்காரனாக இருந்தால் நல்லதுதான், வீடு கலகலப்பாக இருக்கும். ஆனால் நீ ஒன்றைக் கேட்க, அவன் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு எழும்பிப் போனால், சிரித்து முடித்துவிட்டு அதையே இரண்டாம் முறை கேள். உன் அம்மா என்னிடம் ஒருநாளும் இரண்டாம் முறை கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை. அது உங்கள் பிழை இல்லை, நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

இன்று சனிக்கிழமை. பூட்ஸைக் கழுவித் தொங்கவிட்டு ஐந்து நாள் முடிந்துவிட்டது. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், அடிவரை காய்ந்திருக்கிறது. இந்தக் கடிதம் இடது காலுக்குள். வலது காலுக்குள் ஒன்றும் இல்லை, தேடாதே. உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று உன் மேலதிகாரி சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நீ போவதென்றால் நாளைக் காலை நான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவேன், வழியில் ஒரு பகிடியும் இல்லாமல். போகவில்லை என்றால், திங்கட்கிழமை அவர்கள் நடைபாலத்தடியில் கல்லைப் புரட்டிச் செத்ததையும் மிச்சம் இருப்பதையும் எண்ணப் போகிறார்கள், நான் விட்ட இடத்தைக் காட்ட என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன். வாளியும் கொண்டுவர மாட்டேன். கரையில் நின்று, எங்கே என்று நீ கேட்டால், கையை நீட்டி இங்கேதான் என்று சொல்வேன்.

அப்பா